உருளைக்கிழங்கு முட்டை வறுவல்: எது கெட்டால் எதைப் பார்ப்பது

ஒரு கிலோ உருளைக்கிழங்கு, மூன்று பெரிய வெங்காயம், நான்கைந்து முட்டை, குளிர்சாதனப் பெட்டியில் மீந்து கிடக்கிற காயில் ஒரு கைப்பிடி. நான்கு பேர் இருக்கிற வீட்டில் இரவுச் சாப்பாடு இதிலேயே முடிந்துவிடும். ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளலாம், சப்பாத்தியில் வைத்துச் சுருட்டலாம், ஒன்றுமில்லை என்றால் தட்டில் போட்டு அப்படியே சாப்பிடலாம். அமெரிக்காவில் இதே வேலையை வார்ப்பிரும்பு வாணலியில் செய்து ஹாஷ் என்பார்கள். முந்தின நாள் மீந்த இறைச்சியும் அதில் விழும். நம் பக்கம் சோம்பும் கறிவேப்பிலையும் விழுகின்றன, அவ்வளவுதான்.

சுலபமான சமையல். ஆனாலும் யாரைக் கேட்டாலும் அதே புகார்கள்: ஒட்டுகிறது, குழைகிறது, கருகுகிறது, எண்ணெய் குடிக்கிறது. பழி எப்போதும் வாணலி மேல்தான் விழும். புதிதாக நான்ஸ்டிக் வாங்குவார்கள். அதிலும் கிழங்கு குழையும். இந்தக் கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து பார்த்ததில் எனக்குத் தெரிந்தது, பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தண்ணீர்தான். கிழங்கில் தங்கிய ஈரம், வெங்காயம் விட்ட நீர், மூடியிலிருந்து சொட்டுகிற ஆவி. அதனால் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன்; கடைக்குப் போகிற காரியம் எல்லாம் கடைசியில்.

சரியாக வந்தால் இப்படி இருக்கும்

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அடிப்படை வேண்டுமே, அதற்காக இது. கிழங்கை ஒன்றரை சென்டிமீட்டர் சதுரத் துண்டுகளாக நறுக்கி, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். உப்புப் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம் வேகவிட்டு வடிகட்டி, துணியில் பரப்பி ஆறவிடுங்கள். வாணலி நன்றாகக் காய்ந்ததும் மூன்று மேசைக்கரண்டி கடலை எண்ணெய். கிழங்கை ஒரே அடுக்காகப் பரப்பி, நடுத்தரத் தீயில் நான்கு நிமிடம் தொடாமல் விடுங்கள். அப்புறம் திருப்பிவிட்டு இன்னொரு நான்கு நிமிடம். வெங்காயத்தைத் தனியாக வதக்கி எடுத்து வைத்துக் கடைசியில் சேர்க்கலாம், அல்லது கிழங்கில் பாதி நிறம் ஏறிய பிறகு சேர்க்கலாம். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், சோம்புத்தூள் எல்லாம் கடைசி இரண்டு நிமிடத்தில். பிறகு குழி பறித்து முட்டையை உடைத்து ஊற்றி, தீயைக் குறைத்து மூடி வைக்க வேண்டும்.

கிழங்கின் ஓரங்கள் பொன்னிறமாக, தோசைத் திருப்பியால் தட்டினால் லேசாகச் சத்தம் வர வேண்டும். உள்ளே மாவாக இருக்க வேண்டும்.

வாணலியில் ஒட்டுகிறது

*போட்ட உடனே கிண்டினீர்களா?* பத்துக்கு எட்டு வீட்டில் இதுதான். கிழங்கு முதலில் ஒட்டத்தான் செய்யும். அடியில் முறுகல் ஏறியதும் தானே விடும். ஓரத்தில் இருக்கிற ஒரு துண்டை மட்டும் திருப்பியால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் எல்லாவற்றையும் திருப்பலாம். நகராவிட்டால் இன்னும் ஒரு நிமிடம். சுரண்டினால் முறுகல் வாணலியோடு போய்விடும், கையில் வருவது மொட்டைக் கிழங்குதான்.

*வாணலி காய்ந்ததா?* எண்ணெய் விடும் முன் நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சுர்ரென்று துள்ளி மறைந்தால் சரி. படுத்துக்கொண்டு மெதுவாகக் கொதித்தால் இன்னும் காயவில்லை. எண்ணெய் விட்ட பிறகும் அது இளகி ஓடி, மேலே நெளிவு தெரிகிறவரை பொறுக்க வேண்டும்.

*கிழங்கு உலர்ந்ததா?* ஒரு துண்டை விரலிடையே அழுத்திப் பாருங்கள். பசை போலப் பிசுபிசுத்தால் மாவுச்சத்து போகவில்லை. அடுத்த முறை இன்னொரு தண்ணீர் கூடுதலாக அலசுங்கள். துணியில் பரப்பிப் பத்து நிமிடம் மின்விசிறிக்குக் கீழே வைத்தால் போதும். வெந்த கிழங்கைச் சூட்டோடு பரப்பினால் பாதி ஈரம் ஆவியாகவே போய்விடும், மூடி வைக்காதீர்கள்.

*வாணலி பழகியிருக்கிறதா?* மேலே சொன்ன மூன்றும் சரியாக இருந்தும் ஒரே இடத்தில் ஒட்டினால், அந்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பழகிய இரும்பு கறுத்து, எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கும். சாம்பல் திட்டோ செந்துருவோ தெரிந்தால் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. சோப்புப் போட்டு ஊறவைத்தது, புளிக்குழம்பு கொதிக்கவிட்டது, கழுவி ஈரத்தோடு கவிழ்த்தது, இவற்றில் ஏதாவது நடந்திருக்கும். துருவைத் தேய்த்து எடுத்து, அடுப்பில் காயவைத்து, துணியில் தொட்ட எண்ணெயை மெல்லியதாகத் தடவி, புகை வருகிறவரை சூடாக்கி ஆறவிடுங்கள். மூன்று நான்கு தடவை இப்படிச் செய்தால் நிறம் திரும்பும். எண்ணெய் அதிகமாகத் தடவினால் பிசினாகப் படிந்து நிலைமை மோசமாகும். புதிய இரும்பு என்றால் வடித்த கஞ்சியிலோ அரிசி கழுவிய தண்ணீரிலோ போட்டுவைக்கிற நம் வீட்டு முறை முதல் வேலை. அதன் பிறகே எண்ணெய். அன்றாடம் அடுப்பேற்றும்போது பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெய் தொட்டுத் தேய்ப்பது தோசைக்கல்லுக்கு மட்டுமல்ல, வறுவலுக்கும் உதவும்.

*எண்ணெய் ஒரு பக்கமாக ஓடுகிறதா?* தட்டையான வாணலி என்றால், அதை அடுப்பிலிருந்து எடுத்துச் சமையல் மேடைத் தரையில் வைத்து அழுத்துங்கள். ஆடினால் அடி வளைந்திருக்கிறது. ஆடவில்லை என்றால் அடுப்புத்தான் சாய்ந்திருக்கிறது. காலுக்கு அடியில் அட்டை வைத்தால் தீர்ந்தது.

*வேறொருவரிடம் போக வேண்டிய கட்டம்:* கைப்பிடி ஆடினால் பாத்திரக் கடையில் புது ஆணி அடித்துத் தருவார்கள், அதிகம் செலவாகாது. வார்ப்பிரும்பில் கோடு போல விரிசல் தெரிந்தால் ஒட்டவைக்க அலையாதீர்கள், ஓரங்கட்டுங்கள். நான்ஸ்டிக்கில் பூச்சு உரிந்திருந்தாலும் அப்படியே. ஒட்டுகிற கோளாறுக்காகப் புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை உண்மையில் இந்த இரண்டில்தான் வருகிறது.

குழைந்து கூழாகிறது

முதலில் குக்கரைச் சந்தேகப்படுங்கள். நறுக்கிய துண்டுகளைக் குக்கரில் போட்டு இரண்டு விசில் விட்டால் அது மசால் தோசைக்குத்தான் ஆகும். குக்கர்தான் வேண்டும் என்றால் கிழங்கை முழுதாகப் போட்டு, ஒரு விசிலில் அடுப்பை அணைத்து, ஆறிய பிறகு நறுக்குங்கள். திறந்த பாத்திரத்தில் வேகவைக்கிறவர்கள் கத்தி முனையால் குத்திப் பார்க்கலாம்: கத்தி இறங்க வேண்டும், தூக்கினால் துண்டு இரண்டாகப் பிளக்காமல் கத்தியோடு வர வேண்டும். அந்த இடத்தில் வடித்துவிடுங்கள்.

வேகவைத்தது சரியாக இருந்து வாணலியில் குழைகிறது என்றால் ஆவிதான் காரணம். மூடி போட்டீர்களா என்று பாருங்கள். முட்டைக்கு முன்னால் மூடிக்கு வேலையே இல்லை. அடுத்தது கூட்டம். ஒரு கிலோ கிழங்கு இருபத்தெட்டு சென்டிமீட்டர் வாணலியில் ஒரே அடுக்காக நெருக்கியடித்துத்தான் கொள்ளும். அதைவிடச் சின்ன வாணலி என்றால் கண்டிப்பாக இரண்டு ஈடு போட வேண்டும். குவியலாகப் போட்டால் அடியில் இருப்பது விடுகிற ஆவியில் மேலே இருப்பது வேகும், எதுவும் வறுபடாது. “இரண்டு ஈடு போட நேரம் எங்கே” என்பார்கள். ஒரே ஈடாகப் போட்டு அரைமணி நேரம் கிண்டுவதைவிட, எட்டெட்டு நிமிடமாக இரண்டு ஈடு சீக்கிரமே முடியும்.

வெங்காயத்தையும் உப்பையும் ஆரம்பத்திலேயே சேர்த்தால் வெங்காயம் நீர் விட்டு, கிழங்கு அதில் மிதக்கும். அதனால்தான் வெங்காயம் பிறகு.

இவை எல்லாம் சரி, அப்படியும் உதிர்கிறதா? கிழங்கின் ரகம். மாவுச்சத்து அதிகமுள்ளது எளிதில் உதிரும்; ஈரப்பதம் அதிகமுள்ளது வடிவம் காக்கும், ஆனால் மெதுவாகத்தான் சிவக்கும். கடைக்காரரிடம் குஃப்ரி ஜோதியா புக்ராஜா என்று கேட்டால் பெரும்பாலும் “ஊட்டிக் கிழங்கா, சாதாவா” என்ற பதில்தான் வரும். வீட்டில் சோதிக்க ஒரு வழி உண்டு. பதினொரு கப் தண்ணீரில் ஒரு கப் உப்பைக் கரைத்து, ஒரு கிழங்கை முழுதாகப் போடுங்கள். மூழ்கினால் மாவுக் கிழங்கு, மிதந்தால் ஈரக் கிழங்கு. மாவுக் கிழங்கு என்று தெரிந்தால் வேகவைக்கிற தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் அல்லது கொஞ்சம் புளித்தண்ணீர் விடுங்கள். புளிப்பு பட்டால் கிழங்கு கட்டுக்கோப்பாக நிற்கும்; வேக இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக ஆகும்.

ஏற்கனவே கூழாகிவிட்டதென்றால் முறுகலுக்காகப் போராட வேண்டாம். திருப்பியால் அழுத்தி வாணலி அளவுக்கு ஒரே தட்டையான அடையாக்கி, ஓரத்தில் எண்ணெய் விட்டு அடி சிவக்கும்வரை விடுங்கள். ஒரு தட்டைக் கவிழ்த்துத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் சிவக்கவிட்டு, மேலே முட்டையைப் பொரித்து வைத்தால் குழந்தைகள் இதையே திரும்பக் கேட்பார்கள். நேரமிருந்தால் குழைந்த துண்டுகளை ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் வறுக்கலாம். குளிர்ந்த கிழங்கு இறுகும். அதனால்தான் மீந்த வேகவைத்த கிழங்கில் இந்த வறுவல் நன்றாக வருகிறது.

வெளியே கருகல், உள்ளே கடுக்

இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

*உள்ளே வேகவே மாட்டேன் என்கிறது:* துண்டு பெரிதாக இருக்கலாம், தீ அதிகமாக இருக்கலாம், அதைச் சொல்ல வேண்டியதில்லை. பலருக்குத் தெரியாதது தக்காளி. பச்சைக் கிழங்கோடு தக்காளியோ புளியோ சேர்த்தால், மேலே சொன்ன அதே புளிப்பு இங்கே எதிராக வேலை செய்யும். எவ்வளவு நேரம் வைத்தாலும் நடுவில் ஒரு கடினம் நிற்கும். தக்காளி வேண்டுமென்றால் கிழங்கு முழுதாக வெந்த பிறகு சேருங்கள், அல்லது அடுப்பை அணைத்துவிட்டு எலுமிச்சை பிழியுங்கள்.

*வெந்துவிட்டது, ஆனால் நிறம் சீக்கிரம் கறுக்கிறது:* கறுத்தது கிழங்கா மசாலாவா என்று ஒரு துண்டை எடுத்துத் துடைத்துப் பாருங்கள். மசாலா என்றால் கறுப்புத் துணியில் வந்துவிடும். மிளகாய்த்தூளை முன்பே போட்டிருக்கிறீர்கள். கிழங்கே கறுத்து, நாக்கில் லேசான இனிப்பும் பின்னால் கசப்பும் தட்டினால் அது குளிர்ந்த கிழங்கு. வடக்கே தை, மாசியில் தோண்டுகிற கிழங்கு குளிர்கிடங்கில் மாதக்கணக்கில் இருந்து ஐப்பசி வரை சந்தைக்கு வந்துகொண்டிருக்கும். கடும் குளிரில் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும். சர்க்கரை வாணலியில் உடனே கறுக்கும். வாங்கி வந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் இதே கதைதான். வெளியே இருட்டான, காற்றோட்டமான கூடையில் ஒரு வாரம் பத்து நாள் வைத்துப் பாருங்கள், நிறைய குறையும். உடனே சமைக்க வேண்டும் என்றால் துண்டுகளை அரைமணி நேரம் தண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். கொஞ்சம் சர்க்கரை அதோடு போகும். தீயையும் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் இல்லை, வாணலியின் நடுவில் மட்டும் கருகுகிறது என்றால் அடி மெல்லியது. இண்டக்‌ஷன் அடுப்பில் இது அதிகம் தெரியும். கனமான அடி உள்ளதற்கு மாறுவதுதான் முழுத் தீர்வு. அதுவரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் ஓரத்தை நடுவுக்கும் மாற்றுங்கள்.

சிவக்கவே மாட்டேன் என்கிறது

ஈரம் அல்லது கூட்டம். ‘குழைகிறது’ பகுதியில் இருக்கிற அதே சோதனைகள். காது கொடுத்துக் கேளுங்கள்: பொரிகிற சத்தம் இருந்தால் பொறுமை வேண்டும், கொதிக்கிற சத்தம் இருந்தால் தண்ணீர் நிற்கிறது, பாதியை எடுத்து வெளியே வையுங்கள். தண்ணீர் இருக்கிறவரை வாணலிச் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. சிவக்க நூற்று நாற்பதுக்கு மேல் வேண்டும். வேகவைக்கிற தண்ணீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடா போட்டால் ஓரங்கள் சொரசொரப்பாகி நன்றாக முறுகும். அதற்கு மேல் போட்டால் சோப்பு வாடை.

எண்ணெய் குடிக்கிறது

எண்ணெய் காயும் முன் கிழங்கைப் போட்டதுதான். அல்லது காய்கிறதே என்று நடுநடுவே பச்சை எண்ணெய் ஊற்றியிருப்பீர்கள். மூன்று மேசைக்கரண்டியை முதலிலேயே முழுதாக விட்டுவிட்டு, பிறகு தொடாதீர்கள். கடைசியில் வாணலியைச் சாய்த்து, மிஞ்சியதை ஒரு கிண்ணத்தில் வடித்தால் மறுநாள் தாளிப்புக்கு ஆகும்.

சாம்பல் நிறம், இரும்பு வாடை

சாம்பல் நிறம் வெறும் தோற்றக் கோளாறு. கிழங்கில் இருக்கிற ஒரு பொருளும் இரும்பும் சேர்ந்து வருவது, சாப்பிடலாம். வாடை வந்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள். தக்காளி, எலுமிச்சை இரும்பில் கொதித்ததா? சமைத்து முடித்ததை அதே வாணலியில் மூடி வைத்தீர்களா? இரும்பில் சமைக்கலாம், சேமிக்கக் கூடாது. அடுப்பை அணைத்த கையோடு வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் இந்தப் புகாரே இருக்காது.

கசப்பு, தொண்டையில் எரிச்சல்

இதில் எளிய காரணம், விலை உயர்ந்த காரணம் என்று எதுவும் இல்லை. பச்சை நிறம் ஏறிய கிழங்கு, நீளமாக முளைவிட்ட கிழங்கு. அந்தக் கசப்பில் இருக்கிற நச்சு வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது. சின்ன முளையையும் ஒரு நகக்கண் அளவு பச்சையையும் ஆழமாகச் செதுக்கி எறிந்துவிட்டுப் பயன்படுத்தலாம். பாதிக்கு மேல் பச்சை என்றால் முழுதும் குப்பைக்கு. சமைத்த பிறகு கசப்புத் தெரிந்தால், கிலோ கிழங்கு போச்சே என்று பார்க்காமல் மொத்தமும் கொட்டுங்கள். சாப்பிட்டவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல் என்று தொடங்கினால், முக்கியமாகக் குழந்தைக்கு என்றால், கைவைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

முட்டை சரியாக வரவில்லை

அடி ரப்பர், மேலே சளசள என்றால் தீ அதிகம். முட்டையை ஊற்றியதும் தீயைச் சிம்மில் வைத்து, வாணலி ஓரத்தில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டு மூடுங்கள். மூன்று நிமிடத்தில் வெள்ளை கட்டிவிடும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் மஞ்சள்கருவும் இறுகும்வரை இன்னும் இரண்டு நிமிடம் விடுங்கள். மூடியில் கோத்த நீர் சொட்டிக் கிழங்கின் முறுகல் போகிறதென்றால் முட்டையைத் தனியாகப் பொரித்து மேலே வைப்பதே மேல். இன்னொரு பாத்திரம் கழுவ வேண்டும், வேறு நஷ்டமில்லை.

எல்லாருக்கும் போதவில்லை

கிழங்கைக் கூட்டினால் வாணலி நெரியும், மறுபடி குழையும். அதற்குப் பதில் நீர் விடாத மலிவுச் சரக்கைச் சேருங்கள்: முந்தின நாள் இட்லியைத் துண்டாக்கி, வேகவைத்த கொண்டைக்கடலை, நாம் வழக்கமாகத் தூக்கிப் போடுகிற காலிஃபிளவர் தண்டு. இவற்றைத் தனி ஈடாக வறுத்துக் கடைசியில் கலக்க வேண்டும். முட்டைக்கோஸ் சேர்க்கலாம், ஆனால் அது நீர் விடும். முதலில் தனியாக வதக்கிக்கொள்ளுங்கள். முட்டை விலை ஏறிய வாரத்தில் ஆளுக்கு ஒன்று என்பதை விட்டுவிட்டு, மூன்று முட்டையை அடித்து மேலே ஊற்றிக் கிளறிவிட்டால் எல்லார் தட்டிலும் கொஞ்சம் வரும்.

எல்லாம் சரி, எப்போதும் ஒரு பக்கம் மட்டும் வேகிறது

வாணலியை அரைச் சுற்றுத் திருப்பி வைத்துப் பாருங்கள். கருகுகிற இடமும் கூடவே நகர்ந்தால் கோளாறு வாணலியில். நகராமல் அதே பக்கம் கருகினால் அடுப்பில்.

பர்னரை ஆறவைத்துக் கழற்றி, துளைகளை ஊக்கால் குத்திச் சுத்தம் செய்து, கழுவி, முழுதாக உலர்த்தி மாட்டுங்கள். தீ நீலமாக, சுற்றிலும் ஒரே உயரத்தில் வர வேண்டும். மஞ்சளாகவே எரிந்து வாணலி அடியில் கரி பிடித்தால் காற்று கலக்கிற வழியில் அடைப்பு. அதில் நீங்கள் கைவைக்க வேண்டாம், அடுப்பு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வந்தவரிடம் ரப்பர் குழாயையும் காட்டுங்கள். ஆரஞ்சு நிறச் சுரக்‌ஷா குழாயை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தேதி அதன் மேலேயே அச்சிட்டிருக்கும்.

கேஸ் வாடை வந்தால் வறுவலை அப்படியே விடுங்கள். ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவைத் திறந்து, எந்த மின் சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து, அங்கிருந்து 1906 என்ற கேஸ் கசிவு அவசர உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.